லாரிக்காக இடித்த மதில்

திண்டிவனம் பக்கத்தில் பலகைக்கல் வெட்டும் குவாரி ஒன்றில் பதினோரு வருடமாக மேற்பார்வையாளராக இருக்கிறேன். விரிசல் விட்ட கல்லைப் பலகையாக அறுக்க முடியாது. அந்தக் கழிவுக்கல் மலை மாதிரிக் குவிந்து கிடக்கும். அதைக் கொஞ்ச காலம் கடலரிப்புக்குத் தடுப்பாகப் போடப் புதுச்சேரிக் கரைக்கு அனுப்பினோம். வீணாய்க் கிடந்த கல் ஊரைக் காப்பாற்றுகிறது என்று பார்ப்பவர்களிடமெல்லாம் அளந்திருக்கிறேனே தவிர, ஒரு நாளும் போய்ப் பார்த்ததில்லை. போன மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை கேமராவும் கையுமாகக் கிளம்பினேன்.

காலை 6.10க்குத் திண்டிவனத்தில் பஸ். ஏறத்தாழ நாற்பது கிலோமீட்டர். 7.25க்குப் புதுச்சேரி. ஆட்டோவுக்கு எண்பது ரூபாய் கொடுத்துக் கடற்கரைச் சாலைக்குப் போனேன். அங்கே கொட்டியிருக்கும் கருங்கற்கள் எங்கள் குவாரியுடையவை இல்லை. இருந்தாலும் சொந்தக்காரர்களைப் பார்த்த மாதிரி ஒரு சந்தோஷம்.

9.05க்குக் காலாப்பட்டு போகும் டவுன் பஸ், பன்னிரண்டு ரூபாய். எங்கள் கல் போன பிள்ளைச்சாவடிக்கு டிக்கெட் கேட்டதும் கண்டக்டர், "கல்லு கொட்டுன எடந்தான? எறங்கி நேரா கெழக்கால நடங்க" என்றார். பத்து நிமிட நடை.

தடுப்பைப் பார்த்ததும் பூரித்துப் போனேன். எங்கள் ஆட்கள் துளை போட்ட தடம் கல்லில் அப்படியே இருந்தது. விதவிதமாய்ப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். மீன்கூடையோடு வந்த ஒரு பெண், "இன்னா சார், கல்லயா போட்டோ புடிக்கிறீங்க?" என்று சிரித்தார். பெயர் கஸ்தூரி, நாற்பத்தைந்து வயதிருக்கும்.

"எங்க குவாரிக் கல்லுதான்க்கா இது" என்றேன், பெருமை தாங்காமல்.

அவர் சிரிப்பு நின்றது. கூடையை இறக்கி வைத்தார். "உங்க குவாரியா? அப்ப மீதி லாரி எங்க சார்?"

வடக்கே அழைத்துப் போனார். ஓரிடத்தில் கல் சட்டென்று முடிந்திருந்தது. அதற்கு அடுத்த வீடு அவருடையது. சமையலறையில் பாதி இல்லை. மிச்சமிருந்த பாதியில் அடுப்பு நனைந்து கிடந்தது.

"கல்லு முடியற எடத்துலதான் சார் கடலு உள்ள ஏறுது. முன்னல்லாம் இவ்ளோ ஏறுனதில்ல. அடுத்த வாரம் கல்லு வருது, லாரி திரும்ப வழி வேணும்னாரு கல்லு கொட்டற மேஸ்திரி. நானும் வீட்டுக்காரருமா பின்பக்க மதில எங்க கையாலயே இடிச்சோம். ரெண்டு தென்னையும் வெட்டுனோம். லாரி வரவேயில்ல. அந்த வழியாத்தான் தண்ணி வருது."

லாரி ஏன் வரவில்லை என்பது எனக்குத் தெரியும். கழிவுக்கல்லை ஏன் வெளியே அனுப்ப வேண்டும், கிரஷரில் அரைத்துக் கட்டட வேலைக்கு எம்-சாண்ட் மணலாக விற்கலாமே என்று முதலாளியிடம் சொன்னவன் நான். ஒரு துண்டுகூட வீணாகாது என்று எனக்குச் சால்வை போட்டுப் படம் எடுத்து ஆபீசில் மாட்டினார்கள். அந்த வாரமே கரைக்குப் போன லாரிகள் நின்றன. கரையில் வேலை பாதியில் இருக்குமோ என்று நான் யோசிக்கவே இல்லை. நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

மறைக்க மனம் வரவில்லை, சொல்லிவிட்டேன். கஸ்தூரியக்கா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

"கல்லப் போயி மண்ணாக்கிட்டீங்களா சார்?" என்றார். "எங்க மண்ணு தெனம் கடல்ல போவுதே."

கிளம்புமுன் அந்தத் திறப்பைக் காலால் அளந்தேன். பன்னிரண்டு அடி. ஒரு லாரி தாராளமாக நுழையும்.

போகிறவர்களுக்கு: பத்து மணிக்குள் போய்விடுங்கள், வெயில் தாங்காது. குடிக்கத் தண்ணீர் எடுத்துப் போங்கள். கல்மேல் ஏறாதீர்கள், பாசி வழுக்கும். முக்கியமாக, என்னைப் போல நல்ல இடத்தைப் படம் எடுத்ததோடு திரும்பிவிடாமல், கல் முடிகிற இடம் வரை நடந்து பாருங்கள்.

திங்கட்கிழமை முதல் வேலையாக முதலாளியிடம் போய், பிள்ளைச்சாவடிக்குப் பத்து லாரி கழிவுக்கல் வேண்டும் என்று கேட்டேன். சுவரில் சால்வையோடு சிரித்துக்கொண்டிருந்த என் படத்தை அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"நம்மகிட்ட இப்ப கழிவே இல்லியேப்பா" என்றார்.