மாரிச்சாமியின் இடது கண்

டீயைக் கையில் வாங்கியதும் மாரிச்சாமி குடித்துவிட மாட்டார். முதலில் முகர்ந்து பார்ப்பார். பிறகு கிளாஸை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்ப்பார். நடுவட்டத்துத் தோட்டங்களிலிருந்து ஃபேக்டரிக்குப் பச்சைத் தேயிலை ஏற்றிப் போகும் லாரிக்கு அவர்தான் டிரைவர். "ஃபேக்டரிக்குள்ள என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியுமுங்க, அம்மணி" என்பார். என்ன நடக்கிறது என்று மட்டும் இதுவரை சொன்னதில்லை.

எங்கள் டீக்கடைக்கு எதிரே வண்டியை நிறுத்தினால் ஒவ்வொரு டயரையும் காலால் உதைத்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார். சுவரில் முதுகைச் சாய்த்து, வாசலைப் பார்த்து உட்காருவார். லாரிச் சாவி பெஞ்சின் மேல் இருக்காது, உள்ளங்கைக்குள் இருக்கும். லீவு எடுக்கிற நாளில்கூட வேறு டிரைவரிடம் கொடுக்க மாட்டார் என்று கேள்வி. வடை போட்டுக்கொண்டே நான் அவரைப் பார்ப்பேன். அவர் என் எண்ணெய்ச் சட்டியைப் பார்ப்பார்.

இந்த வாரத் தொடக்கத்தில் அவருக்கு நெற்றியின் இடப்பக்கம் எரிந்தது. மனைவி மாலதி புதிதாக வாங்கியிருந்த தேங்காயெண்ணெய் மேல்தான் அவருக்கு முதல் சந்தேகம். கொப்புளம் கிளம்பியதும், எஸ்டேட்டில் பூச்சிமருந்து அடித்தவர்கள் வேண்டுமென்றே தன் பக்கம் அடித்துவிட்டார்கள் என்றார். மாலதி பார்த்த உடனே அக்கி என்று சொல்லி, ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டிருக்கிறார். "டாக்டருங்க திரும்பி நின்னுட்டுத்தான் ஊசியில மருந்து ஏத்தறாங்க. என்ன மருந்துன்னு நமக்கு ஆரு காட்டறாங்க?" என்று மறுத்துவிட்டு, கூடலூர்ப் பக்கம் அக்கி எழுதுகிற ஒருவரிடம் போனார். அங்கும் காவிக்கல்லை வாங்கி முகர்ந்தாராம். கண் முன்னாலேயே உரைத்ததால்தான் நெற்றியைக் காட்டினாராம்.

இன்று காலை அந்தக் காவியோடு கடைக்கு வந்தார். நெற்றியில் காவியால் வரைந்த ஒரு சிவப்புச் சிங்கம். அதன் வால் மூக்கின் மேல் இறங்கியிருந்தது. இடது இமை வீங்கிப் பாதிக் கண்ணை மறைத்தது. பஸ்ஸுக்காக உட்கார்ந்திருந்த நர்ஸ் எல்சா அவரையே பார்த்தார்.

"அண்ணா, அந்தக் காவிக்கு அடியில மூக்கு நுனியிலயும் கொப்புளம் இருக்குதுங்களா?"

"அத எதுக்குங்க கேக்கறீங்க?"

மூக்கு நுனியில் இருந்தால் கண்ணுக்குள்ளும் போயிருக்கலாம், பார்வை கெட்டுவிடலாம் என்றார் எல்சா. மாத்திரையைத் தாமதிக்காமல் ஆரம்பிக்க வேண்டும், ஊட்டி ஆஸ்பத்திரியில் கண் டாக்டரும் இன்றே பார்க்க வேண்டும் என்றார். மாரிச்சாமி சிரித்தார். மாத்திரைக் கம்பெனிக்காரன் சிஸ்டருக்கு என்ன தருகிறான் என்று கேட்டார். எல்சாவின் முகம் கடுத்தது. ஆனாலும் விடவில்லை.

"சின்ன வயசுல அம்மை வந்துச்சுங்களா?"

பள்ளிக்கூடத்தில் படிக்கும்போது வந்தது என்றார்.

"அது உங்கள விட்டுப் போகலீங்கண்ணா. நரம்புக்குள்ள போய்ப் படுத்துக்கிச்சு. இப்ப உடம்பு அசந்த நேரம் பார்த்து எந்திரிச்சிருக்குது. அதுதான் அக்கி."

அவர் சிரிப்பு நின்றது. கிளாஸைக் கீழே வைத்தார்.

"இத்தன வருசமா என்ற உடம்புக்குள்ளயேவா ஒளிஞ்சிருந்துது?"

"ஆமாங்க."

"நேரம் பார்த்துட்டு?"

"ஆமாங்கண்ணா."

"நெனச்சனுங்க" என்றார் மாரிச்சாமி.

யார் சொன்னதையும் அவர் இவ்வளவு சீக்கிரம் நம்பி நான் பார்த்ததில்லை. வெதுவெதுப்பாகத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதையும் முகர்ந்துவிட்டுத்தான் காவியைக் கழுவினார். மூக்கு நுனியில் கொப்புளங்கள் இருந்தன. எல்சா தன் பையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

ஊட்டி பஸ் வந்தது. மாரிச்சாமி என்னை வெகுநேரம் பார்த்தார். பிறகு லாரிச் சாவியை என் மேசை மேல் வைத்தார். "ஆரு கேட்டாலும் குடுக்காதீங்க, அம்மணி. நானே ஆள் அனுப்பிச்சேன்னு சொன்னாலும்."

பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்தார். உள்ளங்கையால் வலது கண்ணை மூடிக்கொண்டு எதிரே நின்ற லாரியைப் பார்த்தார். பிறகு கொப்புளத்தில் படாமல் இடது கண்ணை மறைத்துப் பார்த்தார். பஸ் நகர்ந்தபோது மறுபடியும் வலது கண்ணை மூடியிருந்தார்.