ராஜினாமாக் கடிதத்தில் ஒரு சொல்

சூடாமணிக்கு ஐம்பத்தொரு வயது. திருவனந்தபுரம் கரமனையில் பிறந்து, அங்கேயே இரண்டு தெரு தள்ளி வாழ்க்கைப்பட்டு, கரமனை ஜங்ஷனில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே இருக்கும் ஆங்கிலப் பயிற்சி மையத்தில் பத்தொன்பது வருஷமாக இலக்கணம் சொல்லிக் கொடுக்கிறாள். மையத்தை நடத்தும் மஹேஷ் அவள் கணவர் நாகேஸ்வரனுக்குச் சித்தப்பா பிள்ளை. சொந்தக்காரன் என்பதால் அவளால் சம்பளம் கூட்டிக் கேட்கவும் முடிந்ததில்லை, வேலையை விட்டுப் போகவும் முடிந்ததில்லை.

ஒரே ஒரு தடவை போகப் பார்த்தாள். நாற்பதாவது வயதில் மாலத்தீவில் ஒரு பள்ளிக்கூடம் அவளைத் தேர்ந்தெடுத்தது. திருவனந்தபுரத்திலிருந்து விமானத்தில் ஒரு மணி நேரப் பயணம்தான். பாஸ்போர்ட்கூட எடுத்துவிட்டாள். அந்த வாரம் பார்த்து மாமியார் குளியலறையில் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. "இப்போ வேண்டாம் சூடா, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார் நாகேஸ்வரன். அடுத்த வருஷம் அந்தப் பேச்சே எழவில்லை. ஒரு முத்திரையும் விழாமல் பாஸ்போர்ட் காலாவதியானது.

லிபி வந்து சேர்ந்தது இரண்டு வருஷத்துக்கு முன்னால். தமிழ்நாட்டு எல்லையோரப் பாறசாலையைச் சேர்ந்த பெண், இருபத்தேழு வயது. இலக்கணப் புத்தகத்தைத் திறக்கவே மாட்டாள். மாணவர்களை எழுந்து நிற்க வைத்து, ஒருவரை டாக்டராகவும் ஒருவரை நோயாளியாகவும் ஆக்கிப் பேசவிடுவாள். வெளிநாடு போகக் காத்திருக்கும் நர்ஸுகளும், விழிஞ்ஞம் துறைமுகத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களும் அவள் வகுப்புக்கே போட்டி போட்டார்கள். அவள் அறையில் நாற்காலி போதாமல் ஆட்கள் சுவரோரம் நின்றார்கள். சூடாமணியின் வகுப்பில் பதினொரு பேர். இரண்டு அறைக்கும் நடுவே வெறும் பிளைவுட் தடுப்புதான். இங்கே சூடாமணி வினைச்சொல்லின் காலங்களை விளக்கிக்கொண்டிருக்கும்போது அங்கே சிரிப்பு வெடிக்கும். பதினொரு பேரும் தடுப்பைப் பார்ப்பார்கள்.

அந்தச் சிரிப்பு சூடாமணியோடு வீடு வரைக்கும் வந்தது. சாதம் வடிக்கும்போதும் அவள் காதில் கேட்டது. லிபியின் சுருட்டிவிட்ட தலைமுடி, யாரையும் உடனே பெயர் சொல்லிக் கூப்பிடுகிற சுபாவம், மஹேஷிடம்கூடப் பயமில்லாமல் பேசுகிற விதம் எல்லாமே அவளை உறுத்தின. சாயங்காலம் லிபி கிளம்பிய பிறகு அந்த அறைக்குப் போய், போர்டில் அழிக்காமல் விட்ட வாக்கியங்களைப் படிப்பாள். எழுத்துப் பிழை இருந்தால் சிவப்பு மார்க்கரால் வட்டம் போடுவாள். மறுநாள் லிபி அதைப் பார்த்துவிட்டு, தன் மலையாளம் கலந்த தமிழில், "டீச்சரே, தாங்க்ஸ் கேட்டோ" என்பாள். அவளுக்குக் கோபம் வராதது சூடாமணியை இன்னும் எரிச்சல்படுத்தியது.

ஏப்ரலில் ஒரு மத்தியானம் லிபி ஒரு காகிதத்தோடு வந்தாள்.

"டீச்சரே, எனக்கு மாலத்தீவுல ஸ்கூல்ல ஜோலி கிட்டியிருக்கு. மாலேயிலேயே, கேப்பிடல்ல. ஜூன்ல ஜாயின் பண்ணணும். மஹேஷ் சாருக்கு லெட்டர் எழுதியிருக்கேன். ஒண்ணு வாசிச்சுப் பாத்துத் தருவீங்களா? எனக்குப் பேச வரும், எழுதத்தான் பேடி, பயமா இருக்கு."

மாலே என்ற பெயர் காதில் விழுந்ததும் சூடாமணிக்கு முத்திரை விழாத தன் பாஸ்போர்ட் நினைவுக்கு வந்தது. காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். நாலே வரி. முதல் வரியிலேயே 'ஐ ஆம் க்விட்டிங் யுவர் இன்ஸ்டிட்யூட்' என்று இருந்தது. ஆங்கில சீரியல்களையும் வீடியோக்களையும் பார்த்துப் பேசக் கற்றவள் லிபி. அவளுக்கு அது வேலையை விடுவதற்கான சாதாரணச் சொல். ஒரு முதலாளிக்கு எழுதும் கடிதத்தில் அது எப்படி ஒலிக்கும் என்று சூடாமணிக்குத் தெரியும். மஹேஷ் எப்படிப்பட்டவன் என்றும் தெரியும். அதை அடித்துவிட்டு 'ரிசைன்' என்று எழுத ஒரு நிமிஷம் போதும். பேனா கையிலேயே இருந்தது.

"கிராமர் தப்பு ஒண்ணும் இல்லை. கொடுத்துடு" என்று திருப்பிக் கொடுத்தாள்.

மஹேஷ் அன்று சாயங்காலமே சூடாமணியைக் கூப்பிட்டான். கடிதம் மேஜைமேல் கிடந்தது.

"மன்னி, இதைப் பாருங்கோ. க்விட் பண்றாளாம். ஒண்ணும் தெரியாம வந்தவளை நான்தான் ஆளாக்கினேன். என் முகத்துல எறியற மாதிரின்னா இருக்கு இது. மூணு மாசம் நோட்டீஸ் கொடுக்கட்டும். அதுவரைக்கும் எக்ஸ்பீரியன்ஸ் சர்டிஃபிகேட் கிடையாது. கிளாஸுக்கும் வரவேண்டாம்னு சொல்லிட்டேன்."

சூடாமணி கடிதத்தைத் தொடாமலே எழுந்தாள். அந்தச் சர்டிஃபிகேட் இருபதாம் தேதிக்குள் மாலத்தீவுக்குப் போய்ச் சேரவேண்டும் என்று லிபி சொன்னது நினைவுக்கு வந்தது. அன்றைக்குத் தேதி பன்னிரண்டு. வீட்டுக்கு நடந்து போகும்போது மனம் லேசாக இருந்தது. இரவு மோர்க்குழம்பு வைத்தாள். நாகேஸ்வரன்கூட, "என்ன இன்னிக்கு, நன்னா பண்ணியிருக்கே" என்றார். அப்படியே நாலைந்து நாள் போயிற்று. லிபி தினமும் வந்து மஹேஷின் அறை வாசலில் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பிப் போனாள். அவளைத் தாண்டித் தன் அறைக்குப் போகும்போது சூடாமணி செல்போனைப் பார்த்துக்கொண்டே போனாள்.

லிபியின் மாணவர்கள் சூடாமணி வகுப்புக்கு மாற்றப்பட்டார்கள். பதினெட்டாம் தேதி அறை நிறைந்து வழிந்தது. முன்வரிசையில் இருந்த ரெஷ்மா என்ற நர்ஸ் எழுந்து, "டீச்சர், ரிசைன், லீவ், க்விட், மூணும் ஒண்ணுதானே?" என்று கேட்டாள். மையத்தில் நடந்தது எல்லோருக்கும் அரைகுறையாகத் தெரிந்திருந்தது.

சூடாமணி போர்டில் மூன்று சொற்களையும் எழுதினாள். லீவ் என்றால் வெறுமனே போவது. அதில் கோபமும் இல்லை, மரியாதையும் இல்லை என்றாள். ரிசைன் என்பது இருந்த இடத்துக்குக் கௌரவம் கொடுத்து, எழுதிக் கொடுத்துவிட்டு, அவர்கள் விடுவிக்கும்வரை காத்திருந்து போவது. க்விட் அப்படியல்ல. யாருடைய சம்மதத்துக்கும் அது காத்திருக்காது. புகை பிடிப்பதை நிறுத்துகிறவன் அந்தச் சொல்லைச் சொல்லலாம். வீட்டைக் காலி செய்யச் சொல்லி வக்கீல் அனுப்பும் நோட்டீஸிலும் அது வரும். வெள்ளைக்காரனை வெளியேறச் சொன்னபோது நாம் எடுத்துக்கொண்டதும் அதைத்தான். நண்பர்களிடம் பேச்சுவாக்கில் சொன்னால் குற்றமில்லை. மேலதிகாரிக்கு எழுதினால், நாற்காலியை உதைத்துவிட்டுப் போவதுபோல் இருக்கும்.

ஒருவரும் அசையவில்லை. எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தார்கள். இவ்வளவு நன்றாக அவள் வகுப்பெடுத்து வருஷக்கணக்காகிவிட்டது. அது அவளுக்கே தெரிந்தது.

எழுதி முடித்த ரெஷ்மா தலைநிமிர்ந்து, "அப்போ லிபி மிஸ்ஸுக்கு இதை யாரும் சொல்லிக் கொடுக்கலையா?" என்றாள். குத்திக் கேட்கவில்லை, வருத்தமாகத்தான் கேட்டாள்.

சூடாமணி போர்டின் பக்கம் திரும்பிக்கொண்டாள். மூன்று சொற்களையும் மெதுவாக அழித்தாள். அன்று வகுப்பைப் பத்து நிமிஷம் முன்பே முடித்துவிட்டாள்.

நேரே மஹேஷிடம் போனாள். "அந்த லெட்டரை அவ எங்கிட்டதான் காட்டினா. தப்புன்னு தெரிஞ்சேதான் விட்டேன்."

மஹேஷ் நாற்காலியில் சாய்ந்துகொண்டான். "போட்டும் மன்னி. அவ இல்லாட்டா உங்களுக்கும் நல்லதுதானே. பேட்ச் எல்லாம் உங்களுக்கு வந்தாச்சு."

அவன் அதை அவ்வளவு சுலபமாகச் சொன்னது அவளுக்கு அறைந்தாற்போல் இருந்தது. "சர்டிஃபிகேட் நான் டைப் பண்ணித் தரேன். நீ கையெழுத்துப் போடு."

"போடலேன்னா?"

"ஜூன் ஒண்ணாம் தேதியிலேருந்து நானும் வரமாட்டேன்."

பத்தொன்பது வருஷத்தில் அவள் அப்படிப் பேசியதில்லை. மஹேஷ் சிரித்து மழுப்பினான், உறவு சொல்லிப் பார்த்தான், நாகேஸ்வரனுக்குப் போன் செய்தான். நாகேஸ்வரன் அவனிடம், "அவ சொன்னா சொன்னதுதான்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். கையெழுத்து விழுந்தபோது இருபத்துநாலாம் தேதி ஆகியிருந்தது.

உறையைக் கொடுக்க சூடாமணி அன்றைக்கே பஸ் பிடித்துப் பாறசாலைக்கே போனாள். லிபியின் அப்பா தங்கையன் நாற்காலி எடுத்துப் போட்டு, தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போனார். லிபி உறையைப் பிரித்துப் பார்த்தாள்.

"நாலு நாள் போயாச்சு டீச்சரே. மாலேல வேற ஆளை எடுத்தாச்சு. தெற்கே தூரத்துல ஒரு தீவுல சின்ன ஸ்கூல்ல ஒரு போஸ்ட் ஒழிவு இருக்காம். சம்பளம் கம்மி. போறேன்."

"லிபி, அந்த வார்த்தை அங்க வரக்கூடாதுன்னு எனக்கு அன்னிக்கே தெரியும்."

லிபி நிமிர்ந்து பார்த்தாள். "தெரிஞ்சும் சொல்லல்லியா? டீச்சருக்கு என்கிட்ட என்ன விரோதம்?"

"விரோதம் இல்லை. அசூயை."

லிபி அழவில்லை, கத்தவும் இல்லை. உறையை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு, "ஆறு மணிக்கு மேல பஸ் கம்மி. டீச்சர் இப்பவே கிளம்புங்க" என்றாள். வாசல்வரை வரவில்லை.

ஜூனில் லிபி போனாள். அவள் இருக்கும் தீவில் ஒரு தெருவில் நின்றாலே இரண்டு பக்கமும் கடல் தெரியுமாம். வெள்ளை மணல், பச்சைத் தண்ணீர், ஓலைத்தொப்பி போட்ட பிள்ளைகள் என்று தினமும் ஏதாவது படம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுகிறாள். சூடாமணி ஒன்றுவிடாமல் பார்க்கிறாள். பார்த்ததாக லிபிக்குத் தெரியும் என்றும் அவளுக்குத் தெரியும். இருவரும் ஒரு வார்த்தை எழுதிக்கொண்டதில்லை.

போன வாரம் ஒரு படத்தில் லிபி படகின் விளிம்பில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். காபி டம்ளரோடு வந்த நாகேஸ்வரன் எட்டிப் பார்த்தார்.

"இது அந்தப் பாறசாலைப் பொண்ணுன்னா. சௌக்கியமா இருக்காளா?"

"இருக்கா" என்றாள் சூடாமணி. சொல்லும்போது நெஞ்சுக்குள் அந்தப் பழைய முள் மறுபடி குத்தியது. படத்தை விரலால் பெரிதாக்கி, லிபிக்குப் பின்னால் தெரிந்த கடலைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஒன்பது மணி வகுப்புக்குப் புடவை மாற்ற எழுந்தாள்.