ஆக்சிலியாவின் காதில் விழுந்த சொல்

கோட்டுச்சேரிக் கடைத்தெருவில் ஆக்சிலியா கார் ஓட்டிப் போனால், இன்னமும் நாலு பேர் திரும்பிப் பார்க்கத்தான் செய்வார்கள். ஐம்பதைத் தாண்டியவள். சாதாரண நூல்புடவை, கழுத்தில் மாதா சுரூபம். ஸ்டியரிங்கைக் கைக்குழந்தையைத் தூக்குவது போல இரண்டு கையாலும் பிடித்திருப்பாள். கற்றுக்கொடுத்தவர் அவள் கணவர் ஆரோக்கியஜோசப். வாடகைக் கார் ஓட்டியே குடும்பத்தைக் கரையேற்றிய மனிதர். "இவ பிரேக்க மிதிச்சா வண்டி அடுத்த ஊர்ல போயி நிக்கும்" என்று சவாரிக்கு வருபவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். "நிக்குதுல்ல? அப்புறம் என்ன?" என்பாள் இவள்.

சிரித்த அந்த வாயைத்தான் பக்கவாதம் ஒரு பக்கமாக இழுத்துவிட்டது. வலது கையும் காலும் சொன்னபடி கேட்கவில்லை. அவருக்கு எல்லாம் தெரிந்தது, எல்லாம் புரிந்தது. பேச வாயெடுத்தால் மட்டும் சொல் குழைந்து, பாதி எழுத்து பாதி மூச்சாக வெளியே விழுந்தது.

கை கால் பயிற்சிக்காகக் காரைக்கால் ஆஸ்பத்திரிக்கு அவரை ஆக்சிலியாவே காரில் அழைத்துப் போனாள். அப்படிப் போன ஒரு காலையில்தான் அந்தச் சொல் அவள் காதில் விழுந்தது.

"வா...வ்வு... போச்சு."

வாழ்வு போச்சு!

சின்ன வயதிலிருந்து கோவிலில் 'நித்திய வாழ்வு, நித்திய வாழ்வு' என்று கேட்டே வளர்ந்த காது அது. வேறு எப்படிக் கேட்கும்? "அப்படியெல்லாம் சொல்லாதீங்க" என்றாள். அவர் இடது கையால் டேஷ்போர்டில் ஓங்கி ஓங்கித் தட்டினார். மறுபடியும் அதையே சொன்னார். "சரிங்க, சரிங்க" என்று சொல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். இன்னொரு முறை கேட்க அவளுக்குத் தெம்பில்லை.

அதன் பிறகு காரில் ஏறும்போதெல்லாம் அதே சொல். வீட்டில் சொல்வதில்லை. ராஜா மாதிரி ஓட்டிய வண்டியில் இப்போது பக்கத்து சீட்டில் உட்கார வேண்டியிருக்கிறதே, அந்த வேதனைதான் என்று அவளாகவே அர்த்தம் பண்ணிக்கொண்டாள். கஞ்சிக் கிண்ணத்தையும் அவர் பாதியில் தள்ளத் தொடங்கினார். இந்த மனிதர் உயிரை வெறுத்துவிட்டார் என்று அவள் முடிவே கட்டிவிட்டாள். மாத்திரைகளை எல்லாம் பீரோவில் வைத்துப் பூட்டினாள். இரவில் அவர் மூச்சு விடுகிறாரா என்று மூக்கருகே விரல் வைத்துப் பார்த்தாள்.

ஒருநாள் ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் தலத்தெரு தாண்டும்போது பானெட்டிலிருந்து புகை கிளம்பியது. ஓரங்கட்டினாள். பக்கத்திலேயே பட்டறை வைத்திருந்த மாறன் கையில் துணியைச் சுற்றிக்கொண்டு வந்து பானெட்டைத் தூக்கினான். கொதிப்பு அடங்கும்வரை காத்திருந்து தொட்டுத் தொட்டுப் பார்த்தான்.

"எஞ்சின் அடுப்பாட்டம் கொதிக்குது, ரேடியேட்டர் மட்டும் சில்லுன்னு கெடக்குது பாருங்க. தண்ணி இங்கேருந்து அங்க போகவே இல்ல. அக்கா, வால்வு போச்சு."

ஆக்சிலியா அப்படியே நின்றாள்.

"என்ன சொன்னே? இன்னொரு தடவ சொல்லு."

"தெர்மோஸ்டாட் வால்வுக்கா. சூடானா தொறந்து தண்ணிய விடணும். இது மூடினபடியே மாட்டிக்கிச்சு. அதுக்கு மேல தண்ணி ஒழுகாம அடைக்கிற பேக்கிங்கும் பிஞ்சு கசியுது."

கதவைப் பிடித்துக்கொண்டு அவள் கணவரிடம் குனிந்தாள்.

"ஏங்க... இத்தன நாளா வண்டியப் பத்தியா சொன்னீங்க?"

அவர் டேஷ்போர்டில், சூட்டைக் காட்டும் முள்மீது விரலை வைத்தார். "வா...ல்வு."

"நான் உங்க வாழ்வுன்னு நெனச்சேன்! செத்துச் செத்துப் பொழச்சேன்!"

அவர் அவளையே பார்த்தார். பிறகு வாயின் நல்ல பக்கம் மெல்ல விரிந்தது. தோள் குலுங்கியது. சிரிக்கிறார்! நோய் வந்த நாளிலிருந்து காணாத சிரிப்பு. அவர் தோளில் இரண்டு அடி போட்டு, அதே தோளில் முகம் புதைத்து அவள் அழுதாள்.

மாறன் தலையைச் சொறிந்தான். "வால்வக் கழட்டிப் போட்டுட்டு வெறுமனே மூடிடட்டுமாக்கா? நம்ம வெயிலுக்கு அது எதுக்கு?"

"ஏ...ய்!" உள்ளேயிருந்து ஓர் அதட்டல்.

"புதுசு போடணுமாங்க?" அவர் தலையாட்டினார். "பேக்கிங்கும்?" அதற்கும் ஆட்டினார்.

"அண்ணன் பொல்லாத ஆளா இருப்பாரு போல" என்று சொல்லி, மாறன் பைக்கை எடுத்துக்கொண்டு போய் இரண்டையும் வாங்கி வந்தான். ஒட்டியிருந்த பழைய பேக்கிங்கைச் சுரண்டி எடுத்தான். புது வால்வை மாட்டப்போகும்போது ஜோசப் கையை நீட்டி எதிர்ச்சாரி டீக்கடையைக் காட்டினார்.

"டீயா?" இல்லை. "பாலா?" இல்லை. "பன்னா?" அவர் கண்ணை மூடிக்கொண்டார். இந்த முறை அவள் "சரிங்க" என்று சொல்லவில்லை. "பொறுங்க, விட மாட்டேன். மறுபடி சொல்லுங்க."

"சு...டு... தண்ணி."

மாறனுக்குப் புரிந்துவிட்டது. டீக்கடையில் கொதிக்கிற தண்ணீரை ஒரு கிண்ணத்தில் வாங்கி வந்து அவர் கண்முன்னாலேயே வால்வை உள்ளே போட்டான். மூவரும் குனிந்து பார்த்தார்கள். பித்தளை வாய் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தது. "ம்" என்றார் ஜோசப். அதற்குப் பிறகுதான் மாறன் வால்வை உட்காரவைத்து, மேலே பேக்கிங்கை வைத்து, போல்ட்டை முறுக்கினான்.

ஆஸ்பத்திரி நேரம் தப்பிவிட்டது. வீட்டுப் பக்கம் திருப்பினாள். முள் பாதியில் நின்றது, அதற்கு மேல் ஏறவில்லை.

"மீ..." என்றார் அவர்.

ஆக்சிலியா சாலையோரம் வண்டியை நிறுத்தினாள். "மெதுவா சொல்லுங்க. எனக்கொண்ணும் அவசரமில்ல."

"கஞ்சி... வேணாம். உப்பே... இல்ல. மீன்."

"அட பாவி மனுசா! அதுக்குத்தான் கிண்ணத்தத் தள்ளினீங்களா?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "என்ன மீன்? கொடுவாயா?"

இல்லை.

"கெழங்காவா? வவ்வாலா?"

பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்து விலகிப் போனது. அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் கேட்டுக்கொண்டே இருந்தாள்.