பன்னிரண்டு கதவு லயம்

1. வாய்ஸ் மெசேஜ்

ஆர்கெஸ்ட்ராவில் யார் கண்ணிலும் படாத வேலை ஒன்று உண்டு. அதைத்தான் நான் இருபத்தாறு வருடம் செய்தேன். காப்பியிஸ்ட் வேலை. இசையமைப்பாளர் எழுதும் ஸ்கோரில் எல்லா வாத்தியமும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். அதிலிருந்து ஒவ்வொருவரும் வாசிக்க வேண்டியதை மட்டும் பிரித்துத் தனித்தாளில் எழுதித் தர வேண்டும். அந்தத் தாளுக்குப் பார்ட் என்று பெயர். பார்ட் சரியாக இருந்தால் வயலின்காரருக்குக் கைத்தட்டல். தப்பாக இருந்தால் எனக்குத் திட்டு.

குன்னூரில் எங்களுடையது சின்ன ஆர்கெஸ்ட்ரா. தந்தி வாத்தியம் பன்னிரண்டு பேர், ஊதுகிறவர்கள் ஆறு பேர், தாளத்துக்கு ஒருவர். பள்ளி ஆசிரியர்கள், சர்ச்சில் வாசிப்பவர்கள், எஸ்டேட் ஆபீஸ் ஆட்கள் என்று கலந்துகட்டிய கூட்டம். நடத்துகிறவர் ராணுவ பேண்டிலிருந்து ஓய்வு பெற்ற டேனியல் மாஸ்டர். ஆண்டுவிழாவுக்கு எங்கள் மலையைப் பற்றிப் புதிதாக ஓர் இசை வேண்டுமென்று சென்னையிலிருக்கும் இசையமைப்பாளர் ரகு சாரைக் கேட்டிருந்தோம். ஆறு நிமிடம் போதும் என்றோம்.

அவர் எனக்கு ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார்.

"செல்வி மேடம், உங்க எஸ்டேட் லயம் இருக்கில்ல, அதை அப்படியே எழுதி அனுப்புங்க. காலைல ஆரம்பிக்கறதுலேர்ந்து வேணும். மெருகெல்லாம் ஏத்தாதீங்க."

எனக்குச் சுருக்கென்றது. நான் பிறந்தது கோத்தகிரிப் பக்கம் ஓர் எஸ்டேட் லயத்தில். லயம் என்றால் ஒரே தகரக் கூரையின் கீழ் வரிசையாகப் பன்னிரண்டு வீடு. ஒவ்வொரு வீட்டையும் காம்பரா என்போம். என் அப்பாவும் அம்மாவும் இலங்கைத் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். வரும்போது இந்தச் சொற்களும் கூடவே வந்துவிட்டன. ஆர்கெஸ்ட்ராவில் யாருக்கும் இது தெரியாது. எந்த ஊர் என்று கேட்டால் குன்னூர் என்பேன். வயலின் பெட்டியோடு காரில் வந்து இறங்குகிறவர்களிடம், மூன்றாம் காம்பராவில் பிறந்தவள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வெட்கம்தான், வேறென்ன. இந்த மனுஷனுக்கு யார் சொன்னார்கள் என்று ஒரு நாள் முழுக்கக் குமைந்தேன். பிறகு வேலை என்றால் வேலைதானே என்று பஸ் ஏறினேன்.

2. குறித்தது

அம்மா இன்னும் அதே காம்பராவில்தான் இருக்கிறாள். விடியற்காலை ஐந்து மணிக்கு வாசலில் ஸ்டூல் போட்டு, மியூசிக் தாளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் காம்பராவில் தாழ்ப்பாள் விழுந்தது. எழுதினேன். அடுத்தடுத்து பன்னிரண்டு கதவும் திறந்தன. இரண்டு கதவுகளுக்கு நடுவே எவ்வளவு நேரம் என்று வாட்ச்சைப் பார்த்துக் குறித்தேன். பிறகு ஒவ்வொரு வாசல் குழாயிலும் வெறும் காற்று வரும் சத்தம். எங்கள் லயத்தில் தண்ணீர் வருவதற்கு முன்னால் குழாய் கொஞ்ச நேரம் 'உஸ்' என்று இரையும். அப்புறம் குடங்கள். குடம் நிறைய நிறையச் சத்தம் மேலே ஏறும். பன்னிரண்டு குடமும் பன்னிரண்டு விதமாக ஏறின.

பக்கத்துக் காம்பரா ராசாத்தி அக்கா குடத்தோடு வந்து எட்டிப் பார்த்தாள்.

"என்னா புள்ள எழுதுற? கணக்கெடுப்பா?"

"பாட்டு எழுதுறேன்க்கா."

"அப்ப ரெண்டு நாளைக்கு ஒருக்காதான் தண்ணி வருதுன்னும் சேர்த்து எழுது."

3. போனில் சண்டை

தாள் போய்ச் சேர்ந்த அன்று மாலையே ரகு சார் அழைத்தார்.

"மேடம், இது என்ன? கதவு, குழாய், குடம்... டீ ஃபேக்டரி எங்க? ரோலர் சுத்தற சத்தம் எங்க?"

"லயம்தானே சார் கேட்டீங்க?"

"நான் கேட்டது ரிதம்! தாள லயம்!"

சங்கீதத்திலேயே காலம் தள்ளியவளுக்கு அந்தச் சொல்லின் அந்த அர்த்தம் மனதில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அவமானத்தில் கத்திவிட்டேன்.

"எங்க பக்கம் லயம்னா ஊடுங்க சார்! மனுஷங்க குடியிருக்கற ஊடு! நான் பொறந்த ஊடு!"

அந்தப் பக்கம் தாள் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாகக் கேட்டார்: "அந்தப் பன்னிரண்டு குடமும் ஒரே நேரத்துலயா ஏறும்?"

"ஆமா சார். ஆனா ஒண்ணோட ஒண்ணு சேராது."

"நான் ஃபேக்டரியை விட்டுடறேன்" என்றார்.

மூன்று வாரத்தில் ஸ்கோர் வந்தது. தலைப்பு 'லயம்'. பன்னிரண்டு தந்தி வாத்தியங்கள்தான் பன்னிரண்டு கதவு. புல்லாங்குழலில் ஸ்வரம் இல்லாமல் காற்றை மட்டும் ஊத வேண்டும். அதுதான் குழாய். கடைசியில் எல்லா வாத்தியமும் குடம்போல ஏறி முடிகிறது. படித்துவிட்டு அழுதேன்.

4. கதவெல்லாம் உடைந்தது

ரிகர்சலில் நாறிப்போனது. நான் வாட்ச்சில் குறித்த நேரத்தை ரகு சார் நுணுக்கமாக எண்ணிக்கை போட்டு எழுதியிருந்தார். மூன்றாம் வயலின் இரண்டேகால் தட்டில் நுழைய வேண்டும், நான்காம் வயலின் நாலே முக்காலில். ஆளாளுக்கு வாய்க்குள் எண்ணிக்கொண்டே வாசித்தார்கள். பழக்க தோஷத்தில் எல்லோரும் ஒரே தட்டில் வந்து விழுந்தார்கள்.

டேனியல் மாஸ்டர் கையிலிருந்த தாளக் கோலைக் கீழே வைத்தார். "ஏனுங்க செல்வி, இது கதவு தொறக்கற மாதிரியா இருக்குது? பன்னண்டு கதவும் பேத்துக்கிட்டு விழுகற மாதிரியல்ல இருக்குதுங்க? இன்னும் ஒரே ஒரு ரிகர்சல் பாக்கறேன். வரலீன்னா இதைத் தூக்கிட்டுப் பழைய வால்ட்ஸ் டான்ஸ் மியூசிக்கையே போட்டுரலாம்."

தூக்கிவிடுவார். அவர் சொன்னால் சொன்னதுதான். எங்கள் லயம் ஒரு மேடை ஏற இருந்த ஒரே வாய்ப்பு அது. என் கண் முன்னாலேயே அது கைநழுவிப் போவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

தப்பு எங்கே என்று வீட்டில் பார்ட்டுகளைப் பரப்பி வைத்துக்கொண்டு யோசித்தேன். தப்பு ரகு சாரிடம் இல்லை, வாசித்தவர்களிடமும் இல்லை. என்னிடம்தான். லயத்தில் யாரும் மணி பார்த்து எழுவதில்லை. பக்கத்துக் காம்பராவில் தாழ்ப்பாள் விழும். நடுவில் இருப்பது ஒற்றைச் சுவர், நன்றாகக் கேட்கும். அதைக் கேட்டுத்தான் நாங்கள் எழுவோம். முதல் கதவு பிந்தினால் பன்னிரண்டும் பிந்தும். நான் வாட்ச்சைப் பார்த்து நேரத்தை எழுதினேனே தவிர, இதை எழுதவே இல்லை. அங்கேயே வளர்ந்தவளுக்கு இது எழுத வேண்டிய விஷயமாகவே படவில்லை.

ரகு சாரிடம் சொன்னேன். "நீங்களே மாத்துங்க மேடம்" என்றார்.

பன்னிரண்டு பார்ட்டையும் புதிதாக எழுதினேன். எண்ணிக்கையை எல்லாம் அடித்தேன். அந்த இடத்தில் பக்கத்து ஆள் வாசிக்கும் ஸ்வரத்தைச் சின்ன எழுத்தில் போட்டேன். இதைக் கியூ என்போம். அதன் மேல் 'இது கேட்டதும் நீங்கள்' என்று எழுதினேன்.

5. கையைக் கட்டுங்கள்

கடைசி ரிகர்சலில் மாஸ்டர் பார்ட்டைப் புரட்டிப் பார்த்தார். "அப்ப நான் கை காட்ட வேண்டாமுங்களா?"

"முதல் கதவுக்கு மட்டும் காட்டுங்க மாஸ்டர். அப்புறம் தண்ணி வர்ற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு நில்லுங்க."

"என் சர்வீஸ்ல என்னையக் கையக் கட்டச் சொன்ன மொத ஆளு நீங்கதானுங்க." சிரிக்காமல்தான் சொன்னார். "இப்படித்தான் தொறக்கும்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

பத்தொன்பது பேரும் என்னையே பார்த்தார்கள். "நான் அங்கதான் பொறந்தேன் மாஸ்டர். மூணாவது காம்பரா" என்றேன்.

மூன்றாம் வயலின் வாசிக்கும் கணக்கு டீச்சர் தன் பார்ட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "அப்ப உங்க ஊட்டுக் கதவத்தான் நான் தொறக்கறனுங்களா?"

"ஆமாங்க டீச்சர்."

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு நிமிர்ந்து உட்கார்ந்தார். மாஸ்டர் முதல் கதவுக்குக் கை காட்டினார். யாரும் எண்ணவில்லை, எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டார்கள். பன்னிரண்டு கதவும் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்தன. மாஸ்டர் கட்டிய கையை அவிழ்க்கவே மறந்துவிட்டார்.

6. ஊட்டியில்

ஆண்டுவிழா அரங்கேற்றம் ஊட்டியில் ஒரு ஹாலில் நடந்தது. லயத்திலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். கதவுகள் திறந்து முடிந்து, புல்லாங்குழல் 'உஸ்' என்று இரைந்ததுதான் தாமதம், அமைதியான ஹாலில் ராசாத்தி அக்கா குரல் கணீரென்று கேட்டது.

"ஏய், தண்ணி வந்துருச்சு!"

பக்கத்தில் இரண்டு பெண்கள் நிஜமாகவே பாதி எழுந்துவிட்டார்கள். ஹாலே சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் குடங்கள் ஏறத் தொடங்கின. ஏறி ஏறி, கடைசிக் குடம் நிறைந்தபோது மொத்தக் கூட்டமும் எழுந்து நின்று தட்டியது. இன்னொரு முறை வாசிக்கச் சொல்லி எங்களை விடவே இல்லை. வாசித்தோம். சென்னையிலிருந்து வந்திருந்த ரகு சார் என்னை மேடைக்கு இழுத்தார். காப்பியிஸ்டை மேடைக்குக் கூப்பிட்டு நான் கேள்விப்பட்டதே இல்லை. பெருமையில் கால் தரையில் பாவவில்லை.

இப்போது வெளியூர் ஆர்கெஸ்ட்ராக்களும் 'லயம்' வாசிக்கின்றன. ஒரு குழுவிலிருந்து, கியூ அதிகமாக இருக்கிறது, எடுத்துவிட்டு எண்ணிக்கை போட்டுத் தர முடியுமா என்று கேட்டார்கள். "முடியாதுங்க, அதுதான் சுவர்" என்று பதில் எழுதினேன்.

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான். நேரத்தைக் குறிப்பது சுலபம். யார் சத்தத்தைக் கேட்டு யார் எழுகிறார்கள் என்று பார்த்து எழுதுங்கள். அதை எழுத, நீங்கள் அந்த இடத்தைச் சேர்ந்தவர் என்று ஒப்புக்கொள்ள வேண்டி வந்தால் ஒப்புக்கொள்ளுங்கள். பார்ட்டின் அடியில் காப்பியிஸ்ட் பெயர் போட ஒரு சின்ன இடம் உண்டு. 'லயம்' பார்ட்டுகளில் அந்த இடத்தில் நான் இப்படிப் போட்டிருக்கிறேன்: செல்வி, மூன்றாம் காம்பரா.