நெனித்தா கேட்டு வாங்கிய பதினாறு

பிலிப்பைன்ஸில் எங்கள் இலோய்லோ ஊர்ச் சந்தையில் மீன் விற்கும் நெனித்தாவுக்கு வாய் கொஞ்சம் நீளம். பக்கத்தில் காய்கறி விற்கிற எனக்கே அவளோடு தினம் ஒரு சண்டை. அந்த வாய் ஒரு மழைக்காலம் முழுக்க அடைத்துக் கிடந்தது.

அவள் மகள் மைலீனுக்கு அப்போது பதின்மூன்று வயது. முப்பதை நெருங்கிய ரோடெல் என்ற வண்டிக்காரனின் பெற்றோர், வாழையிலையில் சுற்றிய சுமான் சோறும் ஊர்த்தலைவருமாகப் பெண் கேட்டு வந்து நின்றார்கள். எங்கள் பக்கம் தின்பண்டத்தோடு வந்தவர்களை வாசலில் நிறுத்தமாட்டோம். நெனித்தாவும் உட்காரவைத்தாள், அவர்களோடு சாப்பிட்டாள். "அவ சின்னப் பிள்ளை, வளரட்டும்" என்று சொல்லி அனுப்பினாள்.

அவர்கள் போன பிறகுதான் மைலீன் அழுதுகொண்டே சொன்னாள். தன் வண்டியில் பள்ளிக்கு ஏற்றிப்போன அந்த ரோடெல் பயல் பிள்ளையிடம் அத்துமீறியிருக்கிறான். அது வெளியே வந்துவிடுமோ என்றுதான் இந்தப் பெண் கேட்கிற நாடகம்.

நெனித்தா அரசு வக்கீலிடம் ஓடினாள். அவர் சொன்னது இதுதான்: "பன்னிரண்டு தாண்டியாச்சும்மா. சட்டப்படி அவ சம்மதிக்கிற வயசு. பலவந்தம்னு காட்டணும். நீங்களே பொண்ணு கேட்டு வந்தவங்க சோறைச் சாப்பிட்டிருக்கீங்களே?"

அந்தச் சோறு அவளைத் தின்றது. அந்தச் சம்மத வயதைப் பதினாறாக்கக் கேட்ட பெண்களோடு சேர்ந்தாள். மாகாணக் கூட்டத்தில் ஒரு பெரிய மனிதர், "இளசுங்க காதலிச்சா ஜெயிலா?" என்று கேட்டார். நெனித்தா எழுந்தாள். "ஒரே வயசுப் பிள்ளைங்களை விட்டுடுங்க ஐயா. எம்பொண்ணுக்குப் பதிமூணு, அவனுக்கு முப்பது. இதுல காதல் எங்கேருந்து வந்துச்சு?"

சட்டம் வந்தது. சந்தையே அவளைக் கட்டிப் பிடித்தது. அவள் மட்டும் செய்தித்தாளை மடித்துக்கொண்டு அதே வக்கீலிடம் போனாள். போன வேகத்தில் திரும்பினாள்.

மீன் கழுவிக்கொண்டிருந்த மைலீன் நிமிர்ந்தாள். "அப்போ அவனைப் பிடிப்பாங்களாம்மா?"

"இனிமே நடக்கிறதுக்குத்தானாம். பழசுக்குப் பழைய சட்டமாம்."

"அப்படின்னா அன்னைக்கு நான் சம்மதிச்சேன்னுதான் இன்னும் அர்த்தமா?"

நெனித்தா அவள் கையிலிருந்த மீனை வாங்கினாள். கழுவின மீனையே மறுபடி மறுபடி கழுவினாள்.