எலி தேடிய மூன்று நாள்

ரைட்டம்மாவைத் தெரியாதவர்கள் அந்தத் தடத்தில் கிடையாது. இருபத்திரண்டு வருடமாகப் பேருந்து நடத்துநர். மற்றவர்கள் விசில் ஊதுவார்கள். இவர் பின்படிக்கட்டிலிருந்து “ரைட்” என்று குரல் கொடுத்தாலே ஓட்டுநர் கியரைப் போட்டுவிடுவார். பெயர் அப்படி வந்து ஒட்டிக்கொண்டது.

கணவர் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டார். ஒரே மகன், கல்யாணமாகி வேறு நகரத்தில் இருந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வான். மற்ற நாட்களில் ரைட்டம்மா பேசியதெல்லாம் ஸ்டாப் பெயர்களும் “உள்ள தள்ளி நில்லுங்க”வும்தான். பகலெல்லாம் ஆயிரம் பேர் இடித்துக்கொண்டு போவார்கள். வீட்டுப் பூட்டைத் திறந்து உள்ளே வந்தால் வாயைத் திறக்க வேலை இருக்காது.

சர்க்கரை வந்து பத்து வருடம் ஆகியிருந்தது. மாத்திரை உண்டு, ஷிஃப்ட் மாறும் நாட்களில் விட்டுப்போகும். இரண்டு பாதமும் மரத்துப்போனதை அவர் ஒரு வசதியாகவே எடுத்துக்கொண்டார். எட்டு மணி நேரம் நின்றாலும் கால் வலிப்பதில்லை என்று ஓட்டுநரிடம் பெருமையடித்ததும் உண்டு.

அந்த வருடம் டிப்போவில் கொடுத்த ஷூ ஒரு அளவு சின்னது. மாற்றிக் கேட்டால் அலையவிடுவார்கள் என்று அதையே மாட்டிக்கொண்டார். வலது காலின் சுண்டுவிரல் பக்கம் தோல் உரிந்தது அவருக்கு உறைக்கவில்லை. சாக்ஸில் பட்டிருந்த கறையைப் பாலிஷ் என்று நினைத்துத் துவைத்துப் போட்டார்.

ஓட்டுநர் அவரைவிட நாலைந்து வயது மூத்தவர். ஒன்பது வருடமாக இருவருக்கும் ஒரே வண்டி. கடைசி நிறுத்தத்தில் வண்டிக்குள்ளேயே எதிரெதிர் சீட்டில் உட்கார்ந்து டிபன் டப்பாவைத் திறப்பார்கள். ஒரு திங்கட்கிழமை, ஓட்டுநர் பாதி வாயில் நிறுத்தி மூக்கை உறிஞ்சினார்.

“கண்டக்டரம்மா, வண்டில எங்கயோ எலி செத்துக் கெடக்கு.”

இருவரும் தேடினார்கள். சீட்டுக்கு அடியில், டூல் பெட்டியில், எஞ்சின் மூடிக்குக் கீழே. எதுவும் அகப்படவில்லை. மறுநாள் வண்டியை பினாயில் ஊற்றிக் கழுவச் சொன்னார்கள். மத்தியானத்துக்குள் வாடை திரும்ப வந்துவிட்டது. மூன்றாம் நாள் பயணிகள் முகத்தைச் சுளித்தபோது ஓட்டுநர் திரும்பிப் பார்த்துச் சொன்னார்: “எலியப் புடிச்சுக் குடுக்கறவங்களுக்கு இன்னிக்கு டிக்கெட் கெடயாதுங்க.” வண்டியே சிரித்தது. ரைட்டம்மா எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தார்.

அன்று பிற்பகல் ஓய்வறைக்குத் தனியாகப் போய்க் கதவைச் சாத்தினார். வாடை கூடவே உள்ளே வந்தது. பிறகு பெஞ்சில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினார். சாக்ஸ் தோலோடு ஒட்டியிருந்தது. சுண்டுவிரலும் பக்கத்து விரலும் கருகிப்போயிருந்தன. அழுத்திப் பார்த்தார், வலிக்கவில்லை. சாக்ஸையும் ஷூவையும் திரும்ப மாட்டி, நாடாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு போய் மீதி இருந்த இரண்டு நடையையும் முடித்தார்.

கடைசி ஆள் இறங்கிய பிறகுதான் முன்னால் வந்தார்.

“அண்ணே, எலி கெடச்சிருச்சு.”

“எங்க?”

அவர் குனிந்து தன் வலது ஷூவைப் பார்த்தார். ஓட்டுநரும் பார்த்தார். டிப்போவுக்குத் திரும்ப வேண்டிய காலி வண்டியை நேராக ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். அதற்காகப் பிறகு அவருக்கு மெமோ கொடுத்தார்கள்.

முதலில் இரண்டு விரலை எடுத்தார்கள். கருப்பு மேலே ஏறியது. எட்டாம் நாள் டாக்டர் கட்டிலருகே வந்து, “கீழ ரத்தமே போகலம்மா. முழங்காலுக்குக் கீழ எடுத்தாகணும், இல்லன்னா உயிருக்கே ஆபத்தாயிடும்” என்றார்.

“எந்தக் கால்னு எழுதியிருக்கீங்க?”

“வலது.”

“ரைட்டம்மாவுக்கு வேற எது போகும்?”

டாக்டருக்கு விளங்கவில்லை. விளங்கக்கூடிய ஒரே ஆளான ஓட்டுநர் அங்கே இல்லை.

கையெழுத்துப் போட மகனைக் கூப்பிட வேண்டியிருந்தது. ஓடி வந்தான். “ஏம்மா இத்தன நாள் சொல்லல?”

“ஞாயித்துக்கெழம பேசறப்ப சொல்லலாம்னு இருந்தேன்.”

பன்னிரண்டு நாள் இருந்தான். கூடவே வந்துவிடச் சொன்னான். “நீ இருக்கறது மூணாவது மாடி, லிஃப்ட் கெடயாது. நான் எப்படிடா ஏறி எறங்கறது?” என்றார். குளியலறைச் சுவரில் கைப்பிடி அடித்துக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனான்.

ஓட்டுநர் ஒரே ஒரு தடவை வார்டுக்கு வந்திருந்தார். போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். “வரேன்மா” என்று போனவர்தான், அப்புறம் எட்டிப் பார்க்கவில்லை.

இருந்தபோது மரத்துக் கிடந்த கால், போன பிறகு வலித்தது. இல்லாத சுண்டுவிரலை ஷூ கடித்தது. ரைட்டம்மா எழுந்து உட்கார்ந்து வெறும் மெத்தையைத் தடவிக் கொடுப்பார். இதை யாரிடம் சொன்னால் நம்புவார்கள் என்று யோசித்தார். நம்புவது இருக்கட்டும், சொல்லவே ஆள் இல்லை.

ஐந்தாறு மாதம் கழித்துச் செயற்கைக் கால் வந்தது. டிப்போவில் அவரை பாஸ் கொடுக்கும் கவுன்ட்டரில் உட்காரவைத்தார்கள். கண்ணாடிக்கு வெளியே நிற்பவர்களுக்கு அவர் நெஞ்சுவரைதான் தெரிவார். தினமும் அவர் வண்டியில் வந்தவர்கள்கூட அடையாளம் தெரியாமல் போட்டோவை நீட்டிவிட்டு, வாங்கிக்கொண்டு நகர்ந்தார்கள்.

ஒரு நாள் விண்ணப்பத்தை நீட்டிய கை தெரிந்த கையாக இருந்தது. ஓய்வு பெறப் போகும் ஓட்டுநர், ஓய்வுக்காலப் பாஸுக்கு வந்திருந்தார்.

“நல்லா இருக்கீங்களாம்மா?”

“இருக்கேண்ணே. ஏன் வரவே இல்ல?”

அவர் கண்ணாடியின் ஓட்டையைப் பார்த்தே பேசினார். “எந்த மொகத்த வெச்சுக்கிட்டு வரது? அத்தன பேர் முன்னால சிரிக்க வெச்சேனே.”

“நானுந்தானே சிரிச்சேன்.”

“உங்களுக்குத் தெரியாதுல்ல.”

“உங்களுக்கு மட்டும் தெரியுமாண்ணே?”

பின்னால் நின்றவர் இருமினார். ரைட்டம்மா முத்திரை குத்தி பாஸை நீட்டினார். ஓட்டுநர் வாங்கிக்கொண்டு, கண்ணாடியில் உள்ளங்கையை ஒரு தரம் வைத்து எடுத்துவிட்டுப் போனார். அடுத்த மாதம் மகள் வீட்டோடு போய்விட்டதாக யாரோ சொன்னார்கள்.

இடது காலை தினமும் பார்க்கச் சொல்லியிருந்தார் டாக்டர். அடிப்பாதத்தை வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்லுங்கள் என்றும் சொன்னார். ரைட்டம்மா ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி வாங்கித் தரையில் போட்டார். வேலை முடிந்து வந்ததும் நாற்காலியில் உட்கார்ந்து, செயற்கைக் காலைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு, இடது பாதத்தைக் கண்ணாடிக்கு மேலே நீட்டுவார். குதிகால், விரலிடுக்கு, நகத்தோரம் எல்லாவற்றையும் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு பார்ப்பார்.

“ஒண்ணுமில்ல” என்று வாய்விட்டுச் சொல்வார். அந்த அறையில் அன்று பேசப்படும் முதல் சொல் பெரும்பாலும் அதுதான். பிறகு எழுந்து கக்கத்தில் ஊன்றுகோலை இடுக்கிக்கொண்டு அடுப்பைப் பற்றவைக்கப் போவார்.