ஒரு கிள்ளு புகையிலை

பிரான்சில் சண்டை முடிந்த வருஷம் வந்த விஷக்காய்ச்சல், பிறகு மார்கழிதோறும் வந்துபோகிற விருந்தாளி ஆகிவிட்டது. முதல் வருஷத்தைப் போல யாரும் ஊரைவிட்டு ஓடவில்லை. பிழைத்து எழுந்தவருக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். ஆனாலும் கொஞ்ச நாளைக்குப் பக்கத்தில் உட்கார மாட்டார்கள்.

அப்படி எழுந்த நான் குருவிநத்தத்தில் வில்லியனூர்ச் சந்தைக்குப் போகும் மாட்டுவண்டியில் ஏறினேன். வண்டிக்காரரை அன்றுதான் பார்த்தேன். நெட்டை ஆள், பளிச்சென்ற வெள்ளைப் பற்கள். ஏறுகிறவர்களை நலம் விசாரித்து, அந்தப் பதிலை மாடுகளிடம் உரக்கச் சொல்வது அவர் வழக்கம்.

"இன்னாபா, சொகமா?"

"இப்பதாங்க காய்ச்சல் வுட்டு எழுந்தேன்."

"கேட்டீங்களாடா, இவுரு காய்ச்சல் வுட்டு எழுந்துகிறாராம்!"

அவ்வளவுதான். வண்டியில் இருந்தவர்கள் எல்லாரும் முன்பக்கம் போய் ஒடுங்கினார்கள். மாடுகளின் கழுத்தில் பாரம் ஏறியது. வண்டிக்காரர் திரும்பிப் பார்த்தார். இறங்கிப் பின்னால் வந்து என்னிடம் கையை நீட்டினார்.

"மடியில பொயல இருக்கா? கிள்ளிக் குடுபா."

கொடுத்தேன். எல்லாரும் பார்க்க வாயில் போட்டு அடக்கிக்கொண்டார். சற்றுப் பொறுத்து ஒரு பெரியவர், "எனக்கும் துளி குடேன்" என்று என் பக்கம் நகர்ந்து வந்தார். அவரைப் பார்த்து மற்றவர்களும் நகர்ந்தார்கள்.

வழியெல்லாம் வண்டிக்காரருக்கு விக்கல். சந்தையில் இறங்கியதும் அவரைக் கையெடுத்துக் கும்பிட்டேன். வாயைக் கொப்பளித்துவிட்டு என் காதருகே குனிந்தார்.

"தல சுத்துதுபா. இத எப்பிடிதான் தெனம் போடறீங்க?"

அதை மட்டும் அவர் மாடுகளிடம் சொல்லவில்லை.